பபூனுக்கும் எனக்கும் ஒரே பெயர்

கோயிலுக்கு முன்னால் அன்று நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பூசாரி, கையில் தாம்பாளத்தோடு. அவருக்கு வலப்பக்கம் ஊர்க் கவுண்டர். அவரை ஒட்டி, என்னை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் டிரைவர், சேலத்துக்காரர். மேளக்காரர்கள் மூன்று பேர். என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. கொஞ்சம் தள்ளி என் மாமியார். மாமியாருக்குப் பின்னால், முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு என் மனைவி. அவளோடு நான் பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது. அப்புறம் அவள் பிறந்த ஊரான வாழவந்தியின் சனம் முழுக்க. நடுவில் நான். கழுத்தில் மாலை, கக்கத்தில் பந்து மட்டை.

வரவேண்டியவர் ஒருவர் அப்போது அங்கே இல்லை. அவருக்கும் என் பெயர்தான்.

எங்கள் ஏற்காட்டு மலையில் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் மலைமேல் குகைக்குள் இருக்கிற சாமியின் பெயரை வைத்துவிடுவார்கள். யோசிப்பது கிடையாது. எஸ்டேட்டில் ஆள் கணக்கு எடுக்கிற ரைட்டர் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் கையைத் தூக்குவோம். அதனால் பெயருக்கு முன்னால் ஏதாவது ஒன்றைச் சேர்த்துத்தான் பேசுவோம். நெட்டை, பால்கார, ஓடைக்காட்டு, இப்படி. எங்கள் பெயரில் வெளியூர்வரை தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். மஞ்சக்குட்டையில் ஒரு பெரியவர். எருதாட்டத்தில் பேர் வாங்கியவர். அடுத்தவர் மலையடிவாரத்துக்காரர், நாடகத்தில் பபூன். சேலம், தர்மபுரி, நாமக்கல் பக்கமெல்லாம் அவர் வருகிறார் என்றால் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மூன்றாவது நான், பூப்பந்து. அந்த வரிசையில் என்னையும் வைத்து நானே எழுதக் கூடாது. ஆனால் அப்போது அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

பூப்பந்து இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இறகுப் பந்து இல்லை. கம்பளி நூலால் சுற்றிய மஞ்சள் பந்து. நடுவில் வலை. பக்கத்துக்கு ஐந்து பேர். இருபத்தொன்பது புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம். மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுத்தவர்களுக்கு வெற்றி. கொட்டச்சேட்டில் நான் வேலை பார்த்த எஸ்டேட்டில் காப்பி காயவைக்கிற சிமெண்டுக் களம்தான் எங்களுக்கு மைதானம். பழம் எடுத்து முடித்துக் களம் காலியானதும் வலையைக் கட்டிவிடுவோம். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிற வேலை. எனக்குப் பேச வராது. பந்து வரும்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம், தை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல். எனக்குச் சேலத்தில் ஆட்டம். விடிகாலையில் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். போகிறேன் என்று சொல்லவில்லை. அவள் தனியாகப் பனியில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நடந்து போயிருக்கிறாள். மறுநாள் நான் ஒரு கோப்பையோடு வந்து சேர்ந்தேன். அதை அலமாரியில் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தேன்.

“நான் செத்திருந்தா யாருகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்குவீங்க?” என்று கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாழவந்திக்குப் போய்விட்டாள். ஊமையோடு குடும்பம் நடத்த முடியாது என்று பிறகு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்.

நான்கு மாதம் கழித்து வாழவந்தித் திருவிழா வந்தது. எண்பதுகளின் ஆரம்பம் அது. இரண்டாம் நாள் திருவிழாவில் அந்த ஊர் அணியோடு எங்கள் எஸ்டேட் அணி ஆட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மற்ற நான்கு பேரும் ஆட்டத்தன்று காலையில் வருவதாகப் பேச்சு. நான் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினேன். அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குத்தான் போனேன். ஆட்டம் ஒரு சாக்கு. அந்த ஊர் அணியில் மச்சினனும் ஆடுகிறான். அவள் ஊரில், அவள் ஆட்கள் கண் முன்னால் நன்றாக ஆடிவிட்டால் கேட்பதற்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கி என் பெயரைச் சொல்லி, “யாருங்க அது?” என்று சத்தம் போட்டார். பெயருக்கு முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. சேலத்துக் கீழ்நாட்டுக்காரருக்கு எங்கள் மலை வழக்கம் தெரியாது.

“நாந்தானுங்க.”

“வாழவந்தி திருவிழாவுக்குத்தானுங்களே?”

“ஆமாங்க.”

“ஏறுங்க சாமி. ஊரே உங்களுக்காகக் காத்துக் கெடக்குது.”

முன் சீட்டில் உட்கார வைத்தார். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஓட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

“நீங்க வாயத் தொறந்தா மூட மாட்டீங்கன்னு சொன்னாங்க. ஒரு பேச்சையும் காணமே?”

நான் வெளியே காப்பிச் செடிகளைப் பார்த்தேன்.

“சரி சரி. மேடைக்கு மிச்சம் வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது.”

மேடை என்றது ஆட்டம் முடிந்து பரிசு கொடுக்கிற மேடை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் எல்லையில் மேளம் நின்றது. ஜீப்பைக் கண்டதும் அடிக்க ஆரம்பித்தார்கள். மாலை போட்டார்கள். பூப்பந்துக்கு இவ்வளவு செய்கிறார்களா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். பிறகு செய்யட்டுமே என்று இருந்தது. கூட்டத்தில் மச்சினன் தெரிந்தான். வாயைத் திறந்தபடி நின்றான். மாமியாரும் அவளும் கோயிலை ஒட்டி நின்றார்கள். நான் மேளத்துக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அவள் பக்கம் திரும்பாமல், அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து நடந்தேன். அன்று நடந்த எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கூச்சம் தருவது அந்த நடைதான். மற்றதெல்லாம் எனக்கு நடந்தது. அது நானாக நடந்தது.

கோயில் வாசலில் பூசாரி கேட்டார்: “பேரு?”

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு முன்னால் வெறும் பெயரைத்தான் சொல்ல வேண்டும். தொழில், பட்டம், ஊர் எதுவும் சேர்க்கக் கூடாது. நான் பெயரைச் சொன்னேன். அவர் அதை உள்ளே பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டு, தாம்பாளத்தில் இருந்த மஞ்சள் துணியை எடுத்து என் தலையில் பரிவட்டம் கட்டினார். குலவை போட்டார்கள்.

ஊர்க் கவுண்டர் பக்கத்தில் வந்தார். “எப்பங்க வேசங் கட்டறீங்க?”

“வேசமுங்களா?”

“அரிதாரம் பூச அறை கேட்டீங்கன்னாங்க. பள்ளிக்கூடத்துல ஒதுக்கி வெச்சிருக்குதுங்க.”

“நான் பந்து ஆட வந்தவனுங்க.”

அவர் என் கக்கத்தைப் பார்த்தார். அதுவரை யாரும் மட்டையைப் பார்க்கவில்லை போல. கல்யாணம் கொட்டச்சேட்டில் நடந்ததால் என் முகமும் அந்த ஊரில் பலருக்குப் பழக்கமில்லை. மேளம் நின்றது. மச்சினன்தான் முதலில் சிரித்தான்.

“ஏனுங்கப்பா, இது எங்க அக்கா ஊட்டுக்காரருங்க. பபூன் இல்லீங்க. பூப்பந்து!”

அவ்வளவுதான். சனம் சிரித்தது. பொம்பளைகள் பக்கத்திலிருந்து அதிகம் கேட்டது. ஜீப் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். “பேரு சரிதானுங்களே, ஆமான்னாருங்களே” என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார்.

“துணிய அவுத்துருங்க. அவரு வந்தப்பறம் அவருக்குக் கட்டிக்கலாம்” என்றார் ஊர்க் கவுண்டர்.

பூசாரி மாட்டேன் என்றார். “பேரச் சொல்லிக் கட்டியாச்சு. சாமிக்குச் சொன்ன பேருல தப்பு ஒண்ணுமில்லியே. திருநா முடியாம அவுக்க முடியாதுங்க.”

“அப்ப நாடகம்?”

“துணி கட்டுன ஆளு மொதல்ல மேடையேறி ஊரச் சிரிக்க வெக்கோணும். அது எப்பவும் நடக்கறது. சிரிக்காத ஊருக்கு மழை எங்கிருந்து வரும்?”

அந்த ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை. முதல் சிரிப்பு விழுந்த பிறகுதான் ராஜா வேஷம் வெளியே வரலாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மாமியார் அவள் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பபூன் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். அவர் வந்த பஸ் கொண்டை ஊசி வளைவில் நின்றுபோய், கிடைத்த லாரியில் ஏறி ஏற்காடு வந்து, அங்கே யாரையும் காணாமல் ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார். குள்ளமான ஆள். இருமல். சிரிக்கிற முகமே இல்லை. நடந்ததைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே தகரப் பெட்டியைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்தார்.

“ஒரே பேருங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமாங்க.”

“பேச வருமா?”

“வராதுங்க.”

“அப்பச் சரி. நீங்க முன்னால நில்லுங்க. நான் படுதாவுக்குப் பின்னால இருந்து பேசறேன். நீங்க வாய மட்டும் அசைங்க. பயப்படாதீங்க தம்பி, சனம் வாயப் பாக்காது, தொப்பியப் பாக்கும்.”

பரிவட்டத்துக்கு மேலேயே காகிதத் தொப்பியை வைத்தார். கன்னத்தில் சிவப்பு வைத்தார். அவர் விரல் குளிர்ந்திருந்தது.

மேடையேறினேன். ஆர்மோனியக்காரர் ஓரமாக உட்கார்ந்து கேள்வி கேட்பார். படுதாவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும். நான் வாயை அசைக்க வேண்டும்.

“ஏப்பா, எங்க கெளம்பிட்டே?”

“மாமியா ஊட்டுக்குங்க.”

“என்ன விசேசம்?”

“பொருள் ஒண்ணு காணாமப் போச்சுங்க. தேடிட்டு வந்தேன்.”

“ஆடா, மாடா?”

“பொண்டாட்டிங்க.”

சனம் சிரித்தது பாருங்கள், அந்தச் சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. பபூனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லா ஊரிலும் சொல்கிற பேச்சு அது. நல்ல ஊர், நன்றாகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். குரல் இன்னும் ஏறியது.

“எப்படிப்பா காணாமப் போச்சு?”

“அது தெரிஞ்சா நான் ஏனுங்க தேடறேன்? நான் பாட்டுக்கு ஊட்டுல உக்காந்திருந்தேன். மூணு நாளாச் சோறு வல்லியேன்னு எந்திரிச்சுப் பாத்தா, ஆளக் காணமுங்க!”

“அட பாவி. சரி, அடையாளம் சொல்லு.”

“அதுதானுங்க கஷ்டம். மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசியிருந்தாத்தானே அடையாளம் தெரியும்.”

நான் வாயை அசைத்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தத் தெரியவில்லை. பொம்பளைகள் வரிசையில் எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பியது. அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மேடையிலிருந்து தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். சேலையைத் தட்டினாள். கூட்டத்துக்கு நடுவே நடந்து போய்விட்டாள். வழி விட்டவர்களும் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள்.

கீழே இறங்கியதும் யாரோ பபூனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த காட்சிக்கு அவர் போக வேண்டும். என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க.”

“பரவாயில்லீங்க.”

“எந்த ஊருல இதப் பேசுனாலும் ஒருத்தன் எந்திரிச்சு வெளிய போவான். நானும் பாத்திருக்கறேன். அவனையே மேடையில நிக்க வெச்சுப் பேசுனது இன்னிக்குத்தான்.”

அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை. தொண்ணூறுகளில் ஒருநாள் காலை, மஞ்சக்குட்டையிலிருந்து இரண்டு பேர் மாலையோடு கொட்டச்சேட்டுக்கு என் வீடு தேடி வந்தார்கள். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். என் பெயரில் யாரோ இறந்துவிட்டதாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். டீ கொடுத்து அனுப்பினேன். மத்தியானம்தான் அது பபூன் என்று தெரிந்தது. மலையடிவாரத்துக்கு இறங்கிப் போனேன். நாடகக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். எடுக்கும்போது ஒருவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். என் பெயர். ஓரமாக நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

திருவிழாவின் மறுநாளுக்கு வருகிறேன்.

அன்று ராத்திரி மாமியார் வீட்டுக்கு நான் போகவில்லை. பள்ளிக்கூடத்திலேயே படுத்துவிட்டேன். காலையில் எங்கள் ஆட்கள் நான்கு பேரும் வந்தார்கள். ஜீப்பில் வரும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அது இன்னும் மோசம். கன்னத்தில் சிவப்பு முழுதாகப் போகவில்லை. தலையில் துணி அப்படியே இருந்தது. அதோடுதான் ஆட வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் அந்த ஊர்க் களத்தில் வலை கட்டினார்கள். மூடுபனி இறங்கிவிட்டது. பனி பட்டால் நூல் பந்து கனத்துப் போகும். அது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், அதைக் காரணமாகச் சொல்லவில்லை. நான் மட்டையை ஓங்கும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏனுங்க, பொருள் கெடச்சுதுங்களா?”

உடனே இன்னொன்று: “அடையாளம் சொல்லுங்க, நாங்களும் தேடறோம்!”

வலைக்கு அந்தப் பக்கம் மச்சினன் நின்றான். முதல் ஆட்டத்தில் அவனும் சிரித்தான். இரண்டாவது ஆட்டத்தில் அவன் சிரிப்பது நின்றுவிட்டது. என் பக்கமே பந்தை அடிக்காமல் மற்றவர்கள் பக்கம் அடிக்க ஆரம்பித்தான். பாவம் பார்த்தான். அது எனக்குத் தெரிந்தது, கூட்டத்துக்கும் தெரிந்தது.

எங்கள் அணியில் மூத்தவர் பின்னாலிருந்து சொன்னார்: “பந்தப் பாரு கண்ணு. சனத்தப் பாக்காத.”

நான் சனத்தைப் பார்க்கவில்லை. அதில் அவள் இருக்கிறாளா என்று பார்த்தேன். ஒவ்வொரு சர்வீசுக்கும் பார்த்தேன். இல்லை. முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவது சீக்கிரமே முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு வேலை இல்லை. ஐந்து வருடமாக அந்த மலையில் எங்கள் அணி அப்படித் தோற்றதில்லை.

ஆட்டத்தோடு திருவிழாவும் முடிந்ததால் பூசாரி வந்து பரிவட்டத்தை அவிழ்த்து வாங்கிக்கொண்டார். எங்கள் ஆட்கள் ஜீப்புக்குப் போனார்கள். நான் மாமியார் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மாமியார், “வாங்க மாப்ள” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

“பேசறதுக்கு ஆளக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?” என்றாள்.

“இல்ல.”

“நேத்து நொம்ப நல்லாப் பேசுனீங்க.”

“அது நான் இல்ல.”

“தெரியுது. நீங்க எங்க அவ்வளவு பேசப் போறீங்க.”

முறத்தைத் தட்டினாள். உமி என் காலில் வந்து விழுந்தது.

“நேத்துச் சிரிச்சியா?” என்று கேட்டேன். எதற்கு அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“சிரிச்சேன். சிரிப்பு வந்துது. என்ன பண்ணச் சொல்றீங்க?”

“சரி.”

“சரியா?”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அங்கிருந்து போய்விடத்தான் கால் சொன்னது. ஜீப் ஹாரன் அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது.

“காச்சலோட உட்டுட்டுப் போனது தப்பு” என்றேன். “சொல்லாமப் போனதும் தப்பு. உன்னக் கூட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்துச் சிவப்பைப் பார்த்திருப்பாள். இங்கே விதைப்பு வேலை கிடக்கிறது, அம்மாவால் தனியாக முடியாது, முடியட்டும் பார்க்கலாம் என்றாள். அன்று அவள் என்னோடு வரவில்லை. ஆடி கழிந்து, அதே தகரப் பெட்டியோடு, பஸ்ஸில் தானாக வந்து இறங்கினாள்.

ஆனால் அன்று நான் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

“பந்து என்னாச்சுங்க?”

“தம்பி வந்து சொல்லலியா?”

“சொன்னான். நீங்க சொல்லுங்க.”

“தோத்துட்டோம்.”

“எத்தனைக்கு எத்தனை?”

தரையைப் பார்த்தேன். “மொத ஆட்டம் இருபத்தொம்பதுக்குப் பதினேழு.”

“ரெண்டாவது?”

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சொன்னேன்.

இருபத்தொன்பதுக்கு ஆறு.